வடம் பிடிப்போரும் முட்டுக்கட்டை இடுவோரும்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஒருவரால் அசைக்க இயலாத தேர், ஊரார் ஒன்றுகூடி வடம் பிடிக்கையில் அசைந்து வருகின்றது. எனினும் தேரோட்டத்தை உற்று நோக்கியோர் மற்றொன்றையும் அறிவர். சக்கரத்தின் அருகே குனிந்து, முட்டுக்கட்டையை இட்டும் எடுத்தும் தேரை நெறிப்படுத்தும் சிலர் இல்லையேல், அது தெருமுனையில் திரும்பாமல் எவர் வீட்டுத் திண்ணையிலேனும் ஏறிவிடும். இழுப்போரின் வலிமை மட்டும் போதாது. நெறிப்படுத்துவோரின் விழிப்பும் வேண்டும்.

பொதுமக்களுக்குரிய பூங்காக்களைப் பேணுவதில் அரசும் தொண்டுச் சங்கங்களும் கைகோப்பதைப் பற்றி இத்திங்கள் வாசக அன்பர்களோடு சிறிது சிந்திக்க விழைகின்றோம். அதற்கு நாம் எடுத்துக்கொள்வது, அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த வரலாறு. கடல் கடந்த நாட்டின் பூங்காக் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கொடுப்போரின் நம்பிக்கையும் பெறுவோரின் பொறுப்பும் எந்நாட்டிலும் ஒன்றே அன்றோ? இக்கதை உண்மையில் பூங்காவைப் பற்றியதைவிட நம்பிக்கையைப் பற்றியது.

அமெரிக்காவில் பூங்கா என்பது ஊர் நடுவே உள்ள பூந்தோட்டம் மட்டுமன்று. மலையும் காடும் கடற்கரையும் வரலாற்றுச் சின்னங்களும்கூட அரசின் பூங்காக்களாகப் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றுக்குத் துணை நிற்கும் சங்கங்களும் நெடுங்காலமாகவே உண்டு. யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 1923-ஆம் ஆண்டிலேயே அத்தகைய சங்கம் தோன்றிவிட்டது. நூல்களும் வரைபடங்களும் விற்றல், வருவோர்க்கு விளக்கம் கூறுதல், அருங்காட்சியகத்திற்கு உதவுதல் ஆகியவை இச்சங்கங்களின் பணிகள். அரசு பூங்காவை நடத்தும். சங்கம் அதற்கு அழகும் பயனும் சேர்க்கும். இதுவே பழைய ஒழுங்கு.

இவ்வொழுங்கு கலிபோர்னியாவில் 2011-இல் ஆட்டங்கண்டது. மாநில அரசு பெரும் நிதி நெருக்கடியில் சிக்கியிருந்தது. பூங்காத் துறைக்குரிய ஒதுக்கீட்டில் ஆண்டொன்றுக்கு 2 கோடியே 20 லட்சம் டாலரைக் குறைக்க முடிவாயிற்று. அதன் விளைவாக, மாநிலத்தில் இருந்த 278 பூங்காக்களில் 70 பூங்காக்கள் 2012 ஜூலை முதல் நாளுக்குள் மூடப்படும் என்று அந்த மே மாதத்தில் அறிவித்தனர்.

அப்பட்டியலில் நம் வாசகர்களுக்கு நெருக்கமான ஓர் இடமும் இருந்தது. பிரான்சிஸ்கன் துறவிகள் 1791-இல் நிறுவிய சாந்தா குரூஸ் மறைப்பணித் தலத்தின் எஞ்சிய பகுதியே அது. திருச்சிலுவை என்பதே அப்பெயரின் பொருள். அங்கே இன்று நிற்பது துறவியரின் மாளிகையன்று. அத்தலத்தைத் தம் உழைப்பால் எழுப்பிய பழங்குடி மக்கள் வாழ்ந்த பச்சைச் செங்கல் வீடு. அம்மக்கள் பட்ட துன்பங்களுக்கும் அவ்வீடே சாட்சி. அத்தகைய வீட்டின் கதவைப் பூட்டிவிட்டால் அந்நினைவும் சேர்ந்தே பூட்டப்படும் அன்றோ?

மக்கள் வாளாவிருக்கவில்லை. பூங்காக்களின் நண்பர் சங்கங்கள் ஊர்தோறும் நிதி திரட்டத் தொடங்கின. அரசும் ஒரு புதிய வழியைத் திறந்தது. இளமையில் இயேசு சபையின் நவதுறவகத்தில் சில ஆண்டுகள் பயின்றவரான ஆளுநர் ஜெர்ரி பிரவுன், 2011 அக்டோபரில் ஒரு சட்டத்திற்கு ஒப்புதல் அளித்தார். தகுதி வாய்ந்த இலாப நோக்கற்ற சங்கங்கள், பூங்கா ஒன்றை முழுமையாகவே ஏற்று நடத்த அச்சட்டம் இடமளித்தது.

அச்சட்டம் அன்று வகுத்த விதிகள் கருதத்தக்கவை. இவ்வாறு முழுமையாக ஒப்படைக்கப்படும் பூங்காக்கள் 20-க்கு மேற்படலாகாது. பூங்காவில் கிடைக்கும் வருவாய் முழுவதையும் அப்பூங்காவுக்கே செலவிட வேண்டும். சங்கம் ஆண்டுதோறும் வரவு செலவு முழுவதையும் எழுதி அரசுக்கு அளிப்பதோடு மக்கள் பார்வைக்கும் வைத்தல் வேண்டும். அதன்மேல் பொதுக்கூட்டம் கூட்டி விவாதிக்கவும் வேண்டும். நிலமோ என்றென்றும் மக்களுடையது. சங்கம் பொறுப்பாளரேயன்றி உரிமையாளர் அன்று. தேரோட்டத்தின் முட்டுக்கட்டைகள் என்று இவ்விதிகளைக் கூறினால் மிகையாகாது.

எனினும் அதே சட்டத்தில் நம் நெஞ்சை உறுத்தும் விதி ஒன்றும் இருந்தது. அவ்வாறு ஒப்படைக்கப்பட்ட பூங்காவை நடத்த மாநிலப் பொது நிதியிலிருந்து சங்கத்திற்குப் பணம் தரலாகாது என்பதே அது. மக்கள் பணம் தனியார் கைக்குப் போய்விடக்கூடாது என்ற அச்சத்தில் எழுந்த விதியாக இருக்கலாம். ஆனால் வடத்தை ஊரார் கையில் தந்துவிட்டு, அரசு தன் கையை எடுத்துக்கொள்வதற்கும் அது வழி செய்ததன்றோ?

இச்சட்டத்தின்கீழ் முதன்முதலாக 2012 மே மாதத்தில் ஒப்படைக்கப்பட்டது, எழுத்தாளர் ஜாக் லண்டன் வாழ்ந்து மறைந்த பண்ணை. 1913-இல் தீக்கிரையான அவர் மாளிகையின் கற்சுவர்களும் அவருடைய கல்லறையும் அங்கே உள்ளன. அவ்வூர்ச் சங்கம் ஒன்று பொறுப்பேற்றுக்கொண்டது. பழைய திராட்சை இரசச் சாலையின் இடிசுவர்களுக்கு நடுவே, திறந்த வானத்தின்கீழ் இசை நாடகங்கள் நடைபெற்றன. நுழைவுச்சீட்டுப் பணத்தில் ஒரு பகுதி பூங்காவுக்குச் சென்றது. இவ்வாறு பல ஊர்களிலும் பல சங்கங்கள் முயன்றதால், குறித்த நாள் வந்தபோது, மூடப்படவிருந்த 70 பூங்காக்களில் ஒன்றிரண்டு நீங்கலாக ஏனையவை திறந்தே இருந்தன.

கதை இத்துடன் முடிந்திருந்தால், மக்கள் தொண்டின் வெற்றி என்று மகிழ்ந்து எழுதுகோலைக் கீழே வைத்திருப்போம். ஆனால் அம்மாதம் முடிவதற்குள்ளேயே இடிபோல் ஒரு செய்தி வந்தது. பூங்காத் துறை தன் கையிருப்பைப் பல ஆண்டுகளாக அரசின் நிதித் துறைக்குக் குறைத்தே காட்டி வந்திருக்கின்றது! இரு நிதிக் கணக்குகளில் சேர்ந்து ஏறத்தாழ 5 கோடியே 40 லட்சம் டாலர் வெளியே தெரியாமல் இருந்தது. அதில் பெரும்பகுதி கரடுமுரடான தடங்களில் ஓட்டும் ஊர்திகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட நிதி. ஆயினும் பொதுவான பூங்காக்களுக்கு உரிய கணக்கில் மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் இருந்தது.

2 கோடியே 20 லட்சம் இல்லை என்று கூறி 70 வாயில்களைப் பூட்ட முனைந்தவர்களிடம், 2 கோடி முடங்கிக் கிடந்தது! குறைக்கப்பட்ட தொகை ஆண்டுதோறும் வேண்டுவது, கையிருப்போ ஒருமுறை செலவிட்டால் தீர்ந்துபோவது என்பது மெய்யே. இருப்பினும், தன் சிறுசேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த ஓர் எளிய குடும்பத்தின் உள்ளம் அச்செய்தியைக் கேட்டு என்ன பாடுபட்டிருக்கும்? துறையின் இயக்குநர் தமக்கு இது தெரியாது என்று கூறிப் பதவி விலகினார். மாநிலத் தலைமை வழக்குரைஞர் அலுவலகம் ஆராய்ந்து 2013 சனவரியில் அறிக்கை வெளியிட்டது. தொடக்கத்தில் நேர்ந்த பிழை, பின்னர் அறிந்தே மறைக்கப்பட்டது. வெளியே சொன்னால் ஒதுக்கீடு குறைந்துவிடுமோ என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம் என்று அது தெரிவித்தது.

அந்த அச்சத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். எவரும் அப்பணத்தைத் தம் வீட்டுக்குக் கொண்டு போனதாக அவ்வறிக்கை கூறவில்லை. பூங்காவுக்கு ஆகும் என்றே பதுக்கினார்கள் போலும். நல்ல நோக்கத்திற்காகச் சொல்லாமல் விட்டது எப்படித் தவறாகும் என்று நம்மிடையேயும் சிலர் கேட்பதுண்டு. பதில் எளிது. மறைத்த பணம் 2 கோடி. அதனால் இழந்த நம்பிக்கைக்கோ கணக்கே இல்லை. பங்குத் திருவிழா முடிந்த மறு ஞாயிறு வரவு செலவு வாசிக்கப்படுகையில், கடைசி வரிசையில் நிற்கும் மூதாட்டியும் காது கொடுத்துக் கேட்கின்றார். தாம் தந்த பத்து ரூபாயைத் தேடி அவர் கேட்கவில்லை. தம்மையும் ஓர் ஆளாக மதித்துச் சொல்கின்றார்களா என்றே கேட்கின்றார்.

கலிபோர்னிய அரசு செய்த தவற்றை ஓரளவு திருத்திக்கொண்டது என்பதையும் கூறுதல் நீதி. 2012 செப்டம்பரிலேயே மற்றொரு சட்டம் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு எப்பூங்காவையும் மூடலாகாது என்று அது தடுத்தது. மக்கள் தரும் நன்கொடைக்கு ஈடாக அரசும் பணம் தருவதற்கென்று 1 கோடி டாலரை ஒதுக்கியது. நீ ஒரு பங்கு தந்தால் நானும் ஒரு பங்கு தருவேன் என்று அரசு சொல்வது, நீ தருவதால் நான் நிறுத்திக்கொள்கின்றேன் என்று சொல்வதற்கு நேர்மாறானது. கூட்டாளி என்னும் சொல்லுக்கு முன்னதே பொருள்.

சங்கங்களின் வலிமைக்கும் ஓர் எல்லை உண்டு. அதே சொனோமா வட்டாரத்தில் சுகர்லோஃப் ரிட்ஜ் என்னும் மலைப் பூங்காவைச் சில தொண்டு நிறுவனங்கள் இணைந்து 2012 முதல் நடத்தலாயின. பாதைகளைச் செப்பனிட்டார்கள், பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். ஆனால் 2017 அக்டோபரில் மூண்ட காட்டுத்தீ அப்பூங்காவின் பெரும்பகுதியை எரித்தது. 2020-இல் மீண்டும் தீ வந்தது. நூல் விற்றும் விருந்து நடத்தியும் பாதையைச் சீராக்கலாம். மலையையே விழுங்கும் தீயை அவ்வாறு எதிர்கொள்ள இயலுமா? பேரிடர் வரும் நாளில் அரசின் தோள் வேண்டும். அந்நாளில் வருவதற்கு, மற்ற நாட்களிலும் அரசு அவ்விடத்தை விட்டு அகலாதிருத்தல் வேண்டும்.

இனி மற்றொரு வினா. கொடுப்போர் இல்லாத பூங்காவின் கதி என்ன? இதற்கு நியூயார்க் மாநகரைப் பார்த்தல் நலம். 1970-களில் சீரழிந்து கிடந்த அந்நகரின் மத்தியப் பூங்காவை, 1980-இல் தோன்றிய பாதுகாப்புச் சங்கம் ஒன்று மீட்டெடுத்தது. மாநகராட்சியோடு 1998-இல் முறையான உடன்படிக்கையும் செய்துகொண்டது. கலிபோர்னியாவில் சிறு தொகைகளைத் திரட்டிப் பூங்காக்களைக் காத்த அதே 2012-இல், நியூயார்க்கில் செல்வந்தர் ஒருவர் மத்தியப் பூங்காவுக்கு 10 கோடி டாலர் வழங்கினார். அப்பூங்காவைச் சுற்றிலும் பெருஞ்செல்வர் வாழ்கின்றனர். அதே நகரின் ஏழைப் பகுதிகளிலும் பூங்காக்கள் உண்டு. உடைந்த ஊஞ்சலும் காய்ந்த புல்லுமாய் அவை கிடந்தால் அவற்றுக்கு 10 கோடி தருவார் எவர்?

இக்கேள்வி அங்கே எழாமல் இல்லை. வளமிக்க சங்கங்கள் தம் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கை ஏழைப் பூங்காக்களுக்குத் தர வேண்டும் என்று 2013-இல் ஒரு மசோதா முன்மொழியப்பட்டது; அது நிறைவேறவில்லை. மாநகராட்சி 2014-இல் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட சிறு பூங்காக்களுக்கென்று 13 கோடி டாலரில் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, பெரிய சங்கங்கள் எட்டு சேர்ந்து 1 கோடியே 50 லட்சம் டாலர் பெறுமான உதவியை எளிய பூங்காக்களுக்கு அளிக்க இசைந்தன. கொடுப்பவரின் விருப்பம் தன் வீட்டு வாயிலோடு நின்றுவிடுவது இயல்பு. அடுத்த தெருவையும் பார்க்கச் செய்வது அரசின் கடமை.

இவற்றை எல்லாம் நோக்குமிடத்து நாம் கொள்ளும் முடிவு இதுவே: ஈகை கடமைக்குத் துணை நிற்கலாம், கடமையின் இடத்தில் அமரலாகாது. நல்ல கொள்கை இருந்தால் மக்களின் அன்பு வீணாகாது. கொள்கை இல்லையேல், அன்புள்ளம் படைத்தோரே சுமை முழுவதையும் தூக்கி நடக்க, தூக்க வேண்டியவர் கைவீசி நடப்பர்.

பொதுப்பணி ஒன்றுக்கு உதவி கேட்டு எவரேனும் நம் வீட்டு வாயிலுக்கு வருங்கால், தாராளமாகக் கொடுப்போம். கொடுக்கும்போதே, கணக்கு எங்கே வாசிக்கப்படும் என்று கேட்போம். இதுவரை இப்பணிக்குப் பொறுப்பாயிருந்தவர் இனி என்ன செய்யப் போகின்றார் என்றும் கேட்போம். இப்பணியால் நலம் பெறுவோரில் கொடுக்க வழியற்றவரும் உண்டா என்றும் கேட்போம். இவ்வாறு கேட்பது கஞ்சத்தனம் அன்று. ஐயப்படும் குணமும் அன்று. கலிபோர்னியாவில் இக்கேள்விகளை ஓராண்டு முன்னரே எவரேனும் விடாது கேட்டிருந்தால், அம்மக்கள் அவ்வளவு கசப்பை விழுங்க நேர்ந்திராது.

வடம் பிடிக்கும் கைகள் நம்மிடம் என்றும் குறைந்ததில்லை. சக்கரத்தருகே குனிந்து முட்டுக்கட்டை இடும் பணிக்குத்தான் ஆள் வருவதில்லை. அங்கே நின்றால் தூசி படியும். மாலை மரியாதையும் கிடைக்காது. ஆயினும் தேர் நிலை சேர்வது அவர்களாலும்தான்.