12-வது விதியை யார் படிப்பது?

பசுமை வேதியியலுக்கு 12 விதிகள் உண்டு. 1998-ல் பால் அனஸ்டஸும் ஜான் வார்னரும் வகுத்தவை. மாணவர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது 5-வது விதி: கரைப்பான் கெடுதல் இல்லாததாக இருக்க வேண்டும். பென்சீன் கூடாது, தண்ணீர் உத்தமம் என்று எழுதினால் மதிப்பெண் நிச்சயம்.

அந்த விடைத்தாளோடு சிவகாசிப் பக்கம் வந்து பாருங்கள். கம்பி மத்தாப்பு மருந்தைத் தண்ணீரில்தான் குழைக்கிறார்கள். அலுமினியத் தூள், நைட்ரேட் உப்பு, இரும்புத் தூள், ஒட்டுவதற்கு டெக்ஸ்ட்ரின். விஷமில்லை, தீப்பிடிக்காத கரைப்பான், இதைவிடப் பசுமை ஏது? ஆனால் அலுமினியமும் நைட்ரேட்டும் ஈரத்தில் சும்மா இருக்காது. மெல்ல மெல்ல வினைபுரிந்து அமோனியாவையும் வெப்பத்தையும் வெளிவிடும். குவியலாக விட்டுவைத்தால் சூடு உள்ளேயே தேங்கும். சிறிதளவு போரிக் அமிலம் சேர்த்தால் வினை அடங்கும் என்பது பழைய சங்கதி. சரி, தண்ணீர் வேண்டாம், அசிட்டோன் என்று போனாலோ அதன் ஆவியே தீப்பற்றும்!

ஆக, கரைப்பானை அட்டவணை பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது. எதோடு சேர்கிறது, எத்தனை மணி நேரம் கிடக்கிறது, யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். விபத்துக்கே இடம் தராத பொருளையும் முறையையும் தேர்ந்தெடு என்கிற 12-வது விதி வேறென்ன சொல்கிறது?

2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டுமே போதும் என்றது. பேரியம் உப்புக்குத் தடை. நாக்பூரின் நீரி ஆய்வகம் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று மூன்று வகைகளைத் தந்தது. மாசு சுமார் 30 சதவீதம் குறையும் என்றார்கள். நல்லது, பேரியம் போகட்டும். ஆனால் இந்தப் பசுமையை அளப்பது வெடிக்கும் இடத்தில். டெல்லி நுரையீரலுக்குக் கணக்கு இருக்கிறது, சாத்தூர்க்காரியின் கைக்கு இல்லை.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: 30-க்கும் மேற்பட்ட உயிர்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: 20-க்கும் மேல். அதற்குள் பசுமைப் பட்டாசுத் தீர்ப்பு வந்து இரண்டாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் உடனே ஒரு சொல் வந்துவிடும், 'தொழிலாளியின் கவனக்குறைவு'. எண்ணிக்கைக் கூலிக்கு ஓடுகிற கையை யார் ஓடவிட்டது? உள்குத்தகைக்கு விட்டவர் கவனமாகத்தானே இருந்தார்!

பசுமைப் பட்டாசுப் பெட்டியில் நீரி முத்திரை இருக்கிறது. புகையைச் சோதிக்கிற ஆய்வகம், குழைத்த மருந்து எத்தனை மணி நேரத்தில் சூடேறும் என்பதையும் சோதித்து, அந்த நேரத்தைக் கலவை அறையின் சுவரில் தமிழில் எழுதிவைக்கச் சொன்னால் என்ன?