கையெழுத்து யாருடையது?

செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டி, கிரிவலப் பாதை ஓரமாக மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்திருப்பார் ஒரு பெரியவர். இளம்பிள்ளை வாதத்தில் கால் போனவர், காலனிக்காரர். அன்று நான் அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது இரண்டு மாணவர்கள் படிவத்தோடு வந்தார்கள். பெயர், சாதி, ஊனம் எத்தனை சதவீதம் என்று கேட்டு எழுதிக்கொண்டு கையெழுத்துக்கு நீட்டினார்கள்.

"முன்னாடி வந்த புள்ளைங்களும் இதையேதான் எழுதிக்கினு போச்சுங்க. ஒருத்தரும் திரும்பி வரல" என்றபடியே போட்டுக் கொடுத்தார்.

ஏன் போட்டீர்கள் என்றேன். "போடலேன்னா பென்ஷன நிறுத்திட்டா?"

பயந்து போடுகிற கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயரில்லை.

2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 'பாத்' என்ற அமெரிக்க நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோடு சேர்ந்து, 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஆய்வு நடத்தியது. கம்மத்தில் பலர் அரசு விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். ஏழு சிறுமிகள் இறந்த நிலையில், 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது. இறப்புக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றது அரசு அமைத்த விசாரணைக் குழு. அந்தத் தடுப்பூசி பயனுள்ளதுதான். நம் பெண்பிள்ளைகளுக்கும் வேண்டியதுதான். என் கேள்வி வேறு. ஆந்திரத்தில் பார்க்கப்பட்ட 9,543 சம்மதப் படிவங்களில் 1,948இல் கைநாட்டு, 2,763இல் விடுதிக் காப்பாளரின் கையெழுத்து என்று 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு எழுதியது. பெற்றோர் போட வேண்டிய இடத்தில் வார்டன்! ஆதிதிராவிடர் நல விடுதியில் படித்த எனக்கு இதில் வியப்பில்லை. வார்டன் வரிசையில் நில் என்றால் நிற்போம், எதற்கென்று கேட்கமாட்டோம்.

இன்று சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 6ஆவது பிரிவு, அவர்களுக்குப் புரியும் வழியில் விளக்கிப் பெற்ற சம்மதம் இல்லாமல் ஆய்வு கூடாது என்கிறது. அரசு அமைக்கும் ஆய்வுக் குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அக்குழுவில் பாதிக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளோ அவர்களுடைய சங்கத்தாரோ இருக்க வேண்டும். அதில் காலனியிலிருந்தும் ஆள் உட்கார வேண்டும் என்று கேட்போம். ஏனென்றால் கேள்வியைத் தயாரிக்கும் இடத்தில் நாம் இல்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள், கழிப்பறைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று அந்தப் படிவம் பெரியவரிடம் கேட்கவேயில்லை.

யாராவது படிவம் நீட்டினால் முதலில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். யார் பணத்தில் நடக்கிறது, முடிவை எப்போது வந்து சொல்வீர்கள் என்று கேளுங்கள். விளக்கத் தாளில் ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தாலும் பாதியில் விலகினாலும் சிகிச்சையோ உதவித்தொகையோ நிற்கக் கூடாது.

படிவத்தோடு போகும் மாணவத் தம்பி தங்கைகளே, பென்ஷனுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பேனாவைப் பிறகு நீட்டலாம்.