நிரலுக்கும் கூட்டுறவு வேண்டும்

சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணை 2002ஆம் ஆண்டில் மூடப்பட்டது. மாடுகளும் கறப்பவர்களின் உழைப்பும் முன்போலவே இருந்தன. பாலைச் சேர்த்துக் குளிரூட்டி விலை நிர்ணயிக்கும் இடம் மட்டும் உற்பத்தியாளர்களின் கையைவிட்டுப் போனது. அதன்பின் தனியார் கொள்முதல் நிலையங்களை நம்பியிருப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. விளைபொருள் நம்முடையதாக இருந்தால் மட்டும் போதாது, அது சென்று சேரும் இடமும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்ற பாடத்தை அம்மாவட்ட விவசாயிகள் பெரும் விலை கொடுத்துக் கற்றனர்.

அதே கேள்வி இன்று வேறொரு துறையில் எழுந்துள்ளது. 1954இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 2013இல் வந்த ஸ்ரீசிட்டி ஐஐஐடி, 2015இல் அமைந்த ஐஐடி என்று திருப்பதி வட்டாரத்தில் உயர்கல்வி நிறுவனங்கள் பெருகியுள்ளன. இங்கு பயிலும் மாணவர்கள் எழுதும் நிரல்கள் எங்கே வைக்கப்படுகின்றன? பெரும்பாலும் கிட்ஹப் தளத்தில்தான். வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் கேட்பதும் அந்தத் தளத்தின் கணக்கையே.

மென்பொருளின் மூலநிரலைச் சேமித்து, யார் எதை எப்போது திருத்தினார் என்ற வரலாற்றைக் காத்து, பலர் கூடி வேலை செய்ய வழிசெய்யும் இடமே நிரல் களஞ்சியத் தளம். மென்பொருள் உற்பத்தியில் இது தொழிற்கூடமும் கிடங்கும் சேர்ந்தது போன்றது. 2008இல் தொடங்கிய கிட்ஹப்பை 2018இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 750 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த விலை வெறும் சர்வர்களுக்குத் தரப்பட்டதல்ல. லட்சக்கணக்கானோர் ஊதியமின்றிக் குவித்த உழைப்பும் அவர்கள் கூடியிருந்த இடமுமே விற்பனையாயின. அங்கே பொதுவில் வைக்கப்பட்டிருந்த நிரல்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட கோபைலட் என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி 2022 முதல் மாதச் சந்தாவுக்கு விற்கப்படுகிறது. பொதுச் சொத்து தனியார் மூலதனமாக மாறும் பழைய கதையின் புதிய அத்தியாயம் இது.

லாபத்தோடு அதிகாரமும் சேர்ந்தே குவிகிறது. 2019 ஜூலையில் அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளைக் காட்டி ஈரான், சிரியா, கிரைமியா ஆகிய பகுதிகளின் பயனர்களுக்குக் கிட்ஹப் கட்டுப்பாடு விதித்தது. ஈரானியர்களுக்குச் சேவை முழுமையாகத் திரும்பியது 2021இல்தான். அதுவும் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்த பிறகே. கிட் என்ற கருவியின் வடிவமைப்புப்படி நிரலின் முழு வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்க முடியும் என்பது உண்மை. ஆனால், பிழைகள் குறித்த விவாதங்களும் பங்களிப்பாளர்களின் தொடர்பும் தளத்தின் உரிமையாளரிடமே சிக்கிக்கொள்கின்றன. அந்தக் கருவி பிறந்த கதையும் இதையே சொல்கிறது. லினக்ஸ் உருவாக்குநர்கள் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற தனியுரிமை மென்பொருளின் இலவச அனுமதி 2005இல் திரும்பப் பெறப்பட்டதால்தான் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுத நேர்ந்தது.

அரசை மட்டும் நம்பியிருப்பதும் தீர்வாகாது. 2014 டிசம்பரில் 32 இணையதளங்களை முடக்க ஒன்றிய அரசு ஆணையிட்டபோது கிட்ஹப்பின் ஒரு பகுதியும் அதில் சிக்கியது. அரசு மென்பொருள்களின் மூலநிரலைத் திறந்து வைப்பதற்கான கொள்கை 2015இல் வந்தது. அதற்கென்றே ஓபன்ஃபோர்ஜ் என்ற அரசுத் தளமும் அமைக்கப்பட்டது. ஆயினும் 2020 மே மாதம் ஆரோக்கிய சேது செயலியின் மூலநிரலை வெளியிட்டபோது, அரசு அதைக் கொண்டுபோய் வைத்தது கிட்ஹப்பில்தான்! தானே கட்டிய வீட்டை விட்டுவிட்டு அயல்நாட்டு ஏகபோகத்தின் வாசலில் நின்றது.

மாற்று வழி இருக்கிறது. பெர்லினில் 2018இல் பதிவான கோட்பெர்க் என்ற லாபநோக்கற்ற சங்கம், உறுப்பினர் சந்தாவிலும் நன்கொடையிலும் ஒரு களஞ்சியத் தளத்தை நடத்துகிறது. விளம்பரம் கிடையாது. உறுப்பினர்கள் வாக்களித்து நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். அந்தத் தளம் முதலில் கிட்டீ என்ற கட்டற்ற மென்பொருளில் இயங்கியது. 2022 அக்டோபரில் கிட்டீயின் பெயருரிமையும் இணைய முகவரியும் ஒரு லாபநோக்கு நிறுவனத்திடம் சென்றுவிட்டதாக அறிவிப்பு வந்தது. பங்களிப்பாளர்கள் பலர் எதிர்த்தனர். அவர்களது முயற்சியில் ஃபோர்ஜெயோ என்ற தனிக்கிளை பிறந்தது. கோட்பெர்க் அதற்குப் புகலிடமானது. சமூகம் என்ற சொல் பெயர்ப்பலகையில் இருந்தால் போதாது. சட்டப்படியான உடைமை உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறும் படிப்பினை.

இத்தகைய தளத்தை நடத்துவது எளிதல்ல. மின்சாரம், காப்புப் பிரதிகள், பாதுகாப்புத் திருத்தங்கள், விளம்பரக் குப்பைகளை அகற்றுதல், பங்களிப்பாளர்களிடையே எழும் தகராறுகளைத் தீர்த்தல் என அன்றாட வேலை ஓயாது. ஒன்றிரண்டு தன்னார்வலர்கள் இரவில் கண்விழித்துக் காக்கும் தளம் அவர்கள் களைத்த அன்று நின்றுவிடும். ஆகவே இது தொழில்நுட்பப் பிரச்சனை என்பதைவிட அமைப்புப் பிரச்சனையே. சந்தா வசூல், திறந்த கணக்கு, தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகம், பணி செய்வோருக்கு முறையான ஊதியம் ஆகிய நான்கும் இல்லாமல் எந்தக் கூட்டுடைமையும் நிலைக்காது. தொழிற்சங்கத்தையும் கூட்டுறவையும் கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிய பாடமல்ல.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் பொதுக் கல்வி நிறுவனங்கள் சேர்ந்து சர்வர் இடமும் மின்சாரமும் அளித்தால், மாணவர், ஆசிரியர், மென்பொருள் ஊழியர் ஆகியோரை உறுப்பினராகக் கொண்ட கூட்டுறவுக் களஞ்சியம் ஒன்றை இங்கேயே தொடங்க முடியும். தெலுங்கு, தமிழ் இரண்டும் புழங்கும் எல்லைப் பகுதி இது. இரு மொழிகளுக்குமான எழுத்துருக்கள், அகராதிகள், பாடக் கருவிகள் ஆகியவற்றுக்கு அது பொதுப் பட்டறையாகவும் விளங்கும். பொதுப்பணத்தில் எழுதப்படும் நிரல் பொது உடைமையான தளத்தில்தான் வைக்கப்பட வேண்டும் என்று ஒன்றிய, மாநில அரசுகளை வலியுறுத்த வேண்டும். மாணவர் அமைப்புகளும் தகவல் தொழில்நுட்பத் துறைத் தொழிற்சங்கங்களும் இக்கோரிக்கையைக் கையிலெடுக்க வேண்டும். நமது அமைப்புகள் தங்களது சொந்த இணையப் பணிகளை எங்கே வைத்திருக்கின்றன என்பதையும் பரிசீலிக்க வேண்டும்.

மூடிய பால் பண்ணையைத் திறக்க 2023இல் அடிக்கல் நாட்டு விழா நடந்தது. அதற்குள் இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. வந்ததும் குஜராத்தின் அமுல். கைவிட்டுப் போனதை மீட்பதைவிடக் கட்டிக் காப்பது எளிது. நிரல் உலகில் அந்தக் கட்டுமானத்தைத் தொடங்க இன்னும் காலம் இருக்கிறது.