ஓர் எண்ணும் அதன் பொருளும்

பழைய மாணவர் கூடுமிடங்களிலே ஒருகாலத்தில் பரீட்சைப் புள்ளிகளை ஒப்பிட்டு மகிழ்ந்த நாம், இன்று இரத்தப் பரிசோதனைப் பெறுபேறுகளை ஒப்பிட்டுக் கலங்குகின்றோம். கொழுப்பு, சீனி என்னும் பழைய பெயர்களோடு ஹோமோசிஸ்ரீன் என்னும் பெயரும் இப்பொழுது சேர்ந்துள்ளது. அதன் அளவு சற்றுக் கூடியதென்று கண்டவுடன், மாரடைப்பு வாயிலில் வந்து நிற்பதாகச் சிலர் அஞ்சுகின்றனர். வேறு சிலரோ, விற்றமின் குளிசைகளைத் தாமே வாங்கி விழுங்கி, ஆபத்து நீங்கிற்று என அமைதி கொள்கின்றனர். இவ்விரு நிலைகளும் பொருந்தா என்பதே என் கருத்து.

ஹோமோசிஸ்ரீன் என்பது, புரதத்திலுள்ள மெதியோனைன் உடலில் மாற்றமடையும்போது இடையிலே தோன்றும் ஓர் அமினோ அமிலம். 1932இல் வின்சென்ற் டு விக்னோ இதனைக் கண்டறிந்தார். போலிக்கமிலமும் விற்றமின் பி12உம் இதனை மீண்டும் மெதியோனைன் ஆக்குகின்றன. பி6 வேறொரு வழியால் அகற்றுகின்றது. இவற்றுள் ஒன்று குறையினும் இரத்தத்தில் இது தேங்கும். லீற்றருக்கு 5 முதல் 15 மைக்குரோமோல் வரை இயல்பெனப் பொதுவாகக் கொள்வர். சிறுநீரகம் தளர்ந்தாலும், தைரொயிட்டுச் சுரப்பி மந்தமுற்றாலும் அளவு உயரும். எடுத்த இரத்தத்தை உடன் குளிரூட்டிப் பிரிக்காது வைத்தாலுங்கூட எண் பொய்யாக உயர்ந்து காட்டும்.

இப்பொருள் நாடிகளைக் கெடுக்கும் என்னும் கொள்கையை 1969இல் கில்மர் மக்கலி வெளியிட்டார். இதன் அளவு மிக்கவரிடையே இருதய நோய் மிகுதி என்பதைப் பின்வந்த ஆய்வுகள் பலவும் காட்டின. ஆயினும், 2006இல் வெளிவந்த இரு பேராய்வுகளில், விற்றமின்களால் எண் இறங்கியது, மாரடைப்புக் குறையவில்லை. 2015இல் வெளியான சீன ஆய்வொன்றில், உயர் இரத்த அழுத்தமுடைய இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோரிடையே, அழுத்த மருந்தோடு போலிக்கமிலமும் பெற்றவர்க்குப் பக்கவாதம் குறைந்தது உண்மை. ஆனால், இருதயத்தைப் பொறுத்தவரை, புகையைக் கலைத்தால் நெருப்பு அணைந்துவிடாது என்பதே நாம் கற்கும் பாடம்.

அங்ஙனமாயின் இப்பரிசோதனை பயனற்றதோ? அன்று. சைவ உணவினராகிய நம்மவர்க்கு இதிற் சிறப்பான பொருளுண்டு. பி12 தாவர உணவிற் கிடைப்பதில்லை. பாலும் தயிருமே நமக்கு அதனைத் தருவன. அவற்றைக் குறைத்தவர்க்கும், முதியோர்க்கும், நீரிழிவுக்காக மெற்போமின் நெடுங்காலம் உட்கொள்வோர்க்கும் அது குறைதல் கூடும். உயர்ந்த ஹோமோசிஸ்ரீன் அக்குறையின் அறிகுறியாகலாம். கால் விறைப்பு, நடைத் தளர்வு, மறதி ஆகியவற்றை முதுமையென்று தள்ளிவிடுதல் தவறு. பி12 குறைந்தவர் போலிக்கமிலத்தை மட்டும் உட்கொண்டால், இரத்தசோகை மறையும். நரம்பின் கேடோ மறைவிலே வளரும். ஆகவே தாமே குளிசை தேடுதல் தீங்காகவும் முடியலாம். சைவத்தைக் கைவிட வேண்டுவதில்லை. பி12ஐ அளந்தறிந்து, வைத்தியர் சொற்படி நிறைவு செய்தலே வேண்டுவது.

இப்பரிசோதனை யாவர்க்கும் வேண்டப்படுவதன்று. இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு, புகைத்தல் ஆகியவற்றைக் கவனியாதவன் ஹோமோசிஸ்ரீனைப் பற்றிக் கவலைப்படுதல், கூரை ஒழுகும் வீட்டுக்கு வெள்ளையடிப்பதை ஒக்கும். நம் கல்லூரி ஆய்வுகூடத்தில் அளவீட்டைக் குறிக்குமுன், எதனை அளக்கின்றோம் என்று கேட்கப் பழகினோம். அக்கேள்வியை மறவாதிருப்போமாக.