பள்ளிக்கு அருகில் ஒரு வீடு

உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். பிழைப்பின் பொருட்டும் மகனின் தமிழ்க் கல்வியின் பொருட்டும் அரியலூர், குன்னம் என்று ஊர்மாறி ஊர் குடும்பத்தோடு குடியேறியவர். இறுதியில், 1871-ஆம் ஆண்டு, மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த மகனே பின்னாளில் தமிழ்த் தாத்தா ஆன உ.வே.சாமிநாதையர். பிள்ளையவர்கள் திருவாவடுதுறைக்குச் சென்றபோது மாணவரும் உடன் சென்றார். ஆசிரியர் எங்கோ, அங்கே மாணவன் என்பது அக்கால வழக்கம்.

கல்விக்காக இடம் பெயரும் வழக்கம் இன்றும் உண்டு. ஆனால் இன்று இடம் பெயர்வோர் பெட்டி படுக்கையோடு மட்டும் வருவதில்லை. இருபது ஆண்டுக் கடனோடும் வருகிறார்கள். தாம்பரத்துக்குக் கிழக்கே வேளச்சேரி சாலையில் உள்ள ராஜகீழ்ப்பாக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏரியும் வயலுமாக இருந்த ஊர், செம்பாக்கம் நகராட்சியில் இருந்து, 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. ரயில் வசதிக்குத் தாம்பரம், அலுவலகத்துக்கு மேடவாக்கம் வழியாகப் பழைய மாமல்லபுரம் சாலை, சுற்றிலும் பள்ளிகள். வீடு பார்க்க வரும் இளம் தம்பதியர் தண்ணீர் வசதியைக் கேட்கும் முன்பே பள்ளியின் பெயரைக் கேட்கிறார்கள். தரகரும் அதையே முதலில் சொல்கிறார். விலையும் அதற்கேற்பச் சற்று உயர்கிறது.

நல்ல பள்ளி வீட்டின் விலையை உயர்த்தும் என்பது உலகெங்கும் கண்ட உண்மைதான். அமெரிக்காவின் பாஸ்டன் புறநகர்களை ஆராய்ந்து சாண்ட்ரா பிளாக் என்ற பொருளியல் அறிஞர் 1999-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலாக இருந்தால், பெற்றோர் வீட்டுக்கு ஏறத்தாழ 2.5 சதவீதம் கூடுதலாகத் தருகிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. அங்கே எந்தத் தெருவில் வீடோ, அந்தத் தெருவுக்குரிய அரசுப் பள்ளியில் இடம் கிடைக்கும். சிங்கப்பூரிலும், போட்டி மிகுந்த தொடக்கப் பள்ளிகளில் 1 கிலோமீட்டருக்குள் வசிக்கும் குடிமக்களுக்கு முன்னுரிமை உண்டு. அங்கெல்லாம் வீட்டு விலையோடு பள்ளி இடமும் ஓரளவு சேர்ந்தே வருகிறது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அப்படி இல்லை. தனியார் பள்ளியின் மதிலை ஒட்டி வீடு வாங்கினாலும், அந்த முகவரி ஒன்றே குழந்தைக்கு இடம் பெற்றுத் தராது. தூரத்துக்குச் சட்டம் மதிப்பளிப்பது ஓர் இடத்தில்தான். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பின் 25 சதவீத இடங்கள் நலிந்த பிரிவினருக்கும் பின்தங்கிய வகுப்பினருக்கும் உரியவை. தமிழகத்தில் அதற்கு 1 கிலோமீட்டர் சுற்றளவு பார்க்கப்படுகிறது. நலிந்த பிரிவுக்கு ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய். அந்த வருமானத்தில் இங்கே அடுக்ககம் வாங்க முடியுமா? சட்டத்தின் பயன் வாடகைக் குடித்தனக்காரருக்குப் போகிறது. அது நியாயமும்கூட. வாங்குபவருக்கு மிஞ்சுவது நடை தூரம் மட்டும்.

இதில் பெரியவர்களுக்கு என்ன என்று கேட்கலாம். கணக்கைப் பார்த்தால் விளங்கும். 60 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய அடுக்கக வீடு என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 முதல் 75 லட்சம் வரையிலான கடன், வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆக, வங்கி தருவது 48 லட்சம். எஞ்சிய 12 லட்சத்தோடு, முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என 5,40,000 சேர்கிறது. மொத்தம் 17,40,000 ரூபாய் கையிலிருந்து போக வேண்டும். முப்பது வயதுத் தம்பதியிடம் அது இருப்பது அரிது. தந்தையின் பணிக்கொடையும் வைப்புத் தொகையும்தான் அங்கே போகின்றன. அதே தொகை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்தில் இருந்திருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 35,670 ரூபாய் வட்டி வந்திருக்கும். மருந்துக்கும் தீர்த்த யாத்திரைக்கும் யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.

காலக் கணக்கு ஒன்றும் உண்டு. நான்கு வயதுப் பேரனுக்காக வாங்கும் வீட்டில், அவன் பிளஸ் டூ முடித்துக் கல்லூரி விடுதிக்குப் போகும்போது கடனில் இன்னும் ஆறு ஆண்டு பாக்கி இருக்கும். இடையில் பள்ளி நிர்வாகம் மாறலாம், நல்ல ஆசிரியர்கள் வேறிடம் போகலாம். வீடு பின்தொடர்ந்து போகாது. எனவே குழந்தைக்கு இடம் உறுதியான பிறகு, ஓராண்டு அதே பகுதியில் வாடகைக்கு இருந்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

பகலெல்லாம் அந்த வீட்டில் இருக்கப்போவது தாத்தாவும் பாட்டியும்தான்; பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும் அவர்களே. ஆகவே மின்தூக்கி உண்டா, வேளச்சேரி சாலையைக் கடக்காமல் பள்ளிக்கு நடக்க முடியுமா, பிரதோஷத்துக்கு மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலுக்கோ, கிருத்திகைக்குச் சேலையூர் ஸ்கந்தாசிரமத்துக்கோ பிறர் துணையின்றிப் போய்வரலாமா என்பதை அவர்களே நேரில் சென்று பார்ப்பது நல்லது. தம் சேமிப்பைத் தருவதாக இருந்தால், கிரயப் பத்திரத்தில் கூட்டு உரிமையாளராகத் தம் பெயரும் இடம்பெற வேண்டும் என்று மகனிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பதிவுக்கு முன் பத்திர வரைவைக் கேட்டு வாங்கி, பெயரும் பங்கும் சரியாக இருக்கின்றனவா என்று படித்துப் பார்த்த பிறகே காசோலையில் கையெழுத்திட வேண்டும்.