இரும்பு வாங்கினால் நெட்வொர்க் வராது

ரிச்சி தெருவிலிருந்து பழைய சுவிட்ச் மூன்று, ரவுட்டர் இரண்டு, இவற்றை மாட்டிவைக்க ஒரு இரும்புச் சட்டம். மொத்தம் 38,000 ரூபாய். எங்கள் தெருப் பையன் ஒருவன் கணக்கெழுதிக் கொண்டுவந்து காட்டினான். பொறியியல் இறுதியாண்டு. சீட்டுப் பணத்தை எடுத்துத் தர அவன் அப்பா தயாராக இருந்தார்.

“எதுக்குப்பா இதெல்லாம்?”

“எஸ்டிஎன் கத்துக்கணும் அங்கிள். வீட்ல ரேக் இல்லாம அது வராதாம். லேப்டாப்ல பண்றதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்னு கிளாஸ்ல சொல்லிட்டாங்க.”

அவன் பட்டியலில் இருந்த ஒரு பெட்டிக்கும் எஸ்டிஎன் தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை. வேடிக்கையோடு விட்டுவிட முடியவில்லை. ‘நிஜப் பெட்டியைத் தொட்டால்தான் நெட்வொர்க் வரும்’ என்ற இந்த நம்பிக்கை பயிற்சி வகுப்புகளிலும் நேர்முகத் தேர்வு அறைகளிலும் வேதவாக்காக உலவுகிறது. “ரியல் டிவைஸ்ல வேலை பார்த்திருக்கீங்களா?” என்ற கேள்விக்குப் பயந்து, சம்பாதிக்கத் தொடங்காத பிள்ளைகள் கடன்படுகிறார்கள்.

எஸ்டிஎன் என்பது என்ன? சாதாரண சுவிட்சிலும் ரவுட்டரிலும் இரண்டு வேலைகள் ஒரே பெட்டிக்குள் நடக்கின்றன. எந்தப் பாக்கெட் எந்த வழியில் போகவேண்டும் என்று முடிவெடுப்பது ஒன்று, எடுத்த முடிவின்படி பாக்கெட்டைத் தள்ளிவிடுவது இன்னொன்று. முடிவெடுக்கும் மூளையைப் பெட்டியிலிருந்து பிரித்து, சாதாரணக் கணினியில் ஓடும் ஒரு புரோகிராமிடம் கொடுப்பதுதான் எஸ்டிஎன். அந்தப் புரோகிராமுக்குக் கன்ட்ரோலர் என்று பெயர். சுவிட்ச் தன் அட்டவணையில் எழுதப்பட்ட விதியைப் பார்த்துத் தள்ளும், அவ்வளவே.

இந்த எண்ணம் ஸ்டான்ஃபோர்டில் ஏன் உருவெடுத்தது என்பதும் முக்கியம். மார்ட்டின் கசாடோவும் அவர் ஆசிரியர் நிக் மெக்கியோனும் மற்றவர்களும் 2007இல் ஈத்தேன் ஆய்வையும், 2008இல் ஓப்பன்ஃப்ளோ கட்டுரையையும் வெளியிட்டார்கள். சுவிட்ச் தயாரிப்பாளர்கள் தங்கள் பெட்டியின் உள்ளே யாரையும் கைவைக்க விடவில்லை. புதிய யோசனையை வளாக நெட்வொர்க்கில் சோதித்துப் பார்க்க ஆய்வாளருக்கு ஒரு வாசல் வேண்டியிருந்தது. சுவிட்சின் அட்டவணையில் விதி எழுதக் கன்ட்ரோலர் பேசும் பொதுமொழியான ஓப்பன்ஃப்ளோதான் அந்த வாசல். மூடிய பெட்டியிடமிருந்து விடுதலை வாங்கப் பிறந்த துறை இது. இதைக் கற்க மூடிய பெட்டிகளை வாங்கு என்பது, கந்துவட்டி ஒழிப்புச் சங்கத்தில் சேரச் சந்தாப் பணத்தைக் கந்துவட்டிக்கு வாங்குவதைப் போன்றது.

இனி அந்தச் சுரைக்காய்க்கு வருவோம். லேப்டாப்பில் எஸ்டிஎன் பழக உலகெங்கும் மாணவர்கள் எடுப்பது மினிநெட் என்ற இலவச மென்பொருள். 2010இல் அதை அறிமுகப்படுத்திய கட்டுரையின் தலைப்பிலேயே ‘லேப்டாப்புக்குள் ஒரு நெட்வொர்க்’ என்ற பொருள் இருந்தது. மினிநெட்டுக்குள் பெரும்பாலும் சுவிட்சாக நிற்பது ஓப்பன் விசுவிட்ச். இது பொம்மையா? 2012 மார்ச்சில் வந்த லினக்ஸ் 3.3 கெர்னலிலேயே அதற்கு இடம் கிடைத்துவிட்டது. ஓப்பன்ஸ்டாக் கொண்டு கட்டப்பட்ட கிளவுட் மையங்களில் பாக்கெட்டுகளைத் தள்ளுவது பல இடங்களில் இதே மென்பொருள்தான். மாணவனின் மேசையில் ஓடுவதும் தரவு மையத்தில் ஓடுவதும் ஒரே நிரல். ஆகவே லேப்டாப்பில் இருப்பது சுரைக்காயின் படம் அல்ல, சுரைக்காயேதான். எஸ்டிஎன் பழக விரும்புகிறவனுக்கு ஏட்டுச் சுரைக்காய், ஓப்பன்ஃப்ளோ தெரியாமல் சட்டத்தில் தொங்கும் அந்தப் பழைய சுவிட்ச்.

சந்தை எதற்கு விலை கொடுத்தது என்பதையும் பாருங்கள். கசாடோவும் மெக்கியோனும் ஸ்காட் ஷெங்கரும் தொடங்கிய நிசிரா நிறுவனத்தை 2012இல் விஎம்வேர் 126 கோடி டாலருக்கு வாங்கியது. நிசிரா விற்றுவந்தது சுவிட்ச் பெட்டியை அல்ல, நெட்வொர்க்கை மென்பொருளாக்கும் அறிவை.

பெட்டியைத் தொட்டால்தான் நெட்வொர்க் வரும் என்ற நம்பிக்கை ஒருகாலத்தில் நியாயமாகவே இருந்தது. ரவுட்டரின் மென்பொருள் அந்த ரவுட்டரில் மட்டுமே ஓடிய நாட்களில் பெட்டி இல்லாமல் பழக வழியில்லை. 2005இல் டைனமிப்ஸ் வந்து, சிஸ்கோ ரவுட்டரின் மென்பொருளைச் சாதாரணக் கணினியில் ஓட்டிக் காட்டியது. 2014இல் சிஸ்கோவே தன் சிசிஐஇ ரவுட்டிங், சுவிட்சிங் செய்முறைத் தேர்வின் ஐந்தாம் பதிப்பை மெய்நிகர் சாதனங்களில் நடத்தத் தொடங்கியது. பெட்டி விற்கிறவரே தன் உயர்நிலைத் தேர்வுக்குப் பெட்டி வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகும், நம் ஊர் வகுப்பறையில் பெட்டிக்குச் சூடம் காட்டுவது நிற்கவில்லை.

பெட்டியின் விலை வாங்கும் நாளோடு முடிவதுமில்லை. ஐந்து சாதனங்களும் சேர்ந்து 150 வாட் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நாள் முழுக்க ஓடினால் 3.6 யூனிட், இரண்டு மாதத்தில் 216 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் 2016இல் இலவசமாக்கப்பட்டது. அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அந்த ரேக் ஒன்றே தின்றுவிடும். காற்றாடிச் சத்தத்தில் வீட்டில் யாரும் தூங்கவும் முடியாது. இதைவிடப் பெரிய நஷ்டம், கை நடுங்குவது. காசு போட்டு வாங்கியதைக் கெடுக்க யாருக்கும் மனம் வராது. கெடுத்துப் பார்க்காமல் நெட்வொர்க் புரியாது.

லேப்டாப்பில் கெடுப்பது இலவசம். கன்ட்ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைக் கொன்று பாருங்கள். நெட்வொர்க் உடனே செத்துவிடும் என்று நினைப்பீர்கள். சாகாது. ஏற்கெனவே எழுதிவைத்த விதிகள் அட்டவணையில் இருக்கும்வரை பழைய கணினிகளின் பேச்சு தொடரும், புதிதாக வருகிற கணினிக்கு மட்டும் வழி கிடைக்காது. மூளையையும் கையையும் பிரிப்பது என்றால் என்ன என்று பத்துப் பக்கம் படித்துப் புரியாதது, இந்த ஒரு கொலையில் புரிந்துவிடும்.

அடுத்து, மூன்று சுவிட்சுகளை முக்கோணமாக இணைத்து, எளிய கன்ட்ரோலர் ஒன்றை ஓட்டுங்கள். ஒரு கணினி ‘இந்த முகவரி யாருடையது?’ என்று எல்லோரையும் பார்த்துக் கேட்கும். அந்த ஒரு கேள்வி முக்கோணத்தைச் சுற்றத் தொடங்கினால் நிற்காது. ஈதர்நெட் சட்டகத்தில் ‘இத்தனை தாவலுக்குப் பிறகு செத்துப்போ’ என்று சொல்லும் எண் கிடையாது. சில நொடிகளில் லேப்டாப் திணறும். பழைய நெட்வொர்க்குகள் இந்தச் சுற்றை வெட்டிவிடும் ஸ்பேனிங் ட்ரீ என்ற ஏற்பாட்டை ஏன் கட்டிக்கொண்டு அழுதன என்பது அப்போது விளங்கும்.

மூன்றாவது, இரண்டு மெய்நிகர் கணினிகளுக்கு நடுவே, ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் பொதிந்து அனுப்பும் விஎக்ஸ்லான் சுரங்கம் போடுங்கள். பிங் போகும், பெரிய கோப்பு போகாது. சுரங்கம் ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் 50 பைட் சுமையை ஏற்றுகிறது. 1500 பைட் மட்டுமே போகிற பாதையில் உள்ளே 1450க்கு மேல் ஏற்றினால் அடைபடும். ‘பிங் வருது சார், பேஜ் மட்டும் ஓப்பன் ஆகல’ என்று நடுராத்திரியில் போன் வரும் நிஜ வேலையின் நிஜக் கோளாறு இது. இதைக் கற்க எந்த இரும்பும் தேவைப்படவில்லை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. மினிநெட்டில் எல்லாச் சுவிட்சும் ஒரே பிராசஸரைப் பங்குபோட்டுக்கொள்வதால் அதில் அளக்கும் வேகத்தை நம்பக்கூடாது. நிஜச் சுவிட்சின் சிப்பில் விதிகளுக்கான இடம் மிகக் குறைவு. லேப்டாப்பில் அடங்கிய அட்டவணை அங்கே அடங்காமல் போகலாம். கேபிளைச் சுவிட்சோடு இணைக்கும் எஸ்எஃப்பி செத்துப்போனால் அதை அடையாளம் காண்பது, கன்சோல் கேபிளோடு மல்லுக்கட்டுவது, லேபிள் ஒட்டாத கேபிள் கட்டில் சரியானதைப் பிடித்து இழுப்பது இவையெல்லாம் கையால்தான் வரும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் இரண்டையும் ரிச்சி தெருவின் பழைய பெட்டியும் கற்றுத் தராது. மீதியை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், கம்பெனியின் பெட்டியில், சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கலாம்.

லேப்டாப் போதும் என்பதால் லேப்டாப் கட்சிக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். யாரோ எழுதிவைத்த கட்டளைகளை ஒட்டி, பிங் வந்ததும் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறவனும் ரேக் வாங்கியவனின் தம்பிதான். ஓப்பன்ஃப்ளோ 1.0 காலத்தில், விதி எதுவும் பொருந்தாத பாக்கெட் கன்ட்ரோலரிடம் போகும். 1.3இல் அதற்கென்று தனி விதி எழுதாவிட்டால் சத்தமில்லாமல் குப்பைக்குப் போகும். பழைய பாடத்தை ஒட்டிப் புதிய சுவிட்சில் ஓட்டிவிட்டு ‘எல்லாம் சரியா இருக்கு, ஆனா வேலை செய்யல’ என்று உட்கார்ந்திருப்பவனிடம் லேப்டாப் இருக்கிறது, கேள்வி இல்லை. பாக்கெட் எங்கே காணாமல் போனது என்று ஒவ்வொரு இடைமுகமாகத் தேடிப் போனவனுக்கே அது ஆய்வகம்.

பையனின் அப்பாவிடம் பேசினேன். சீட்டுப் பணத்தில் கொஞ்சம் எடுத்து லேப்டாப்பின் ரேமை 16 ஜிபி ஆக்கினார்கள், மிச்சம் வங்கிக்குப் போனது. பத்து நாள் கழித்து ஒரு ராத்திரி அந்த வீட்டுப் பக்கம் போனேன். உள்ளே லேப்டாப் காற்றாடி கத்திக்கொண்டிருந்தது. “என்னடா அந்தச் சத்தம்?” என்று அப்பா கேட்டார்.

“நெட்வொர்க் மொத்தமா விழுந்துடுச்சுப்பா,” என்றான் பையன். குரலில் அவ்வளவு சந்தோஷம்.