இரவில் கண்ணீருக்கும் வேலை உண்டு

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களும், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தவர்களும் கடைசி வரை படியுங்கள்.

போன மாதம் என் தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வெளியூர். மூன்று நாள் எங்களோடு தங்கியிருந்தார்கள். அவர்கள் கிளம்பிய மறுநாள் காலை பெண்ணின் வலது கண் செக்கச்செவேல் என்று இருந்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. "தூசி பட்டிருக்கும் அத்தை" என்றாள். நான் விடவில்லை, கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "லென்ஸோட தூங்கினியாம்மா?"

"மூணு நாள் ராத்திரியும் கழட்டல டாக்டர். இது காத்து புகுற லென்ஸ். தூங்கினாலும் ஒண்ணும் ஆகாதுன்னு கடையில சொன்னாங்க."

கருவிழியில் புண். மணிக்கொரு முறை சொட்டு மருந்து, ராத்திரியிலும் அலாரம் வைத்து எழுந்து போட்டோம். இப்போது ஆறிவிட்டது. ஓரத்தில் சின்னத் தழும்பு இருக்கிறது. நடுவில் வந்திருந்தால் பார்வை மங்கியிருக்கும் என்றார் டாக்டர். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை, பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். 'காற்று புகும் லென்ஸ்' என்பது பொய்யில்லை, பாதி உண்மை. பாதி உண்மையை நம்பித்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம்.

எட்டாம் வகுப்பில் கண் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? விழித்திரை வரை எல்லாம் குறித்தீர்கள். கண்ணீரைக் குறிக்க நான் சொன்னதே இல்லை. அதுவும் கண்ணின் ஒரு பாகம்தான்.

அழும்போது வருவது மட்டும் கண்ணீர் இல்லை. கருவிழி மேல் எப்போதும் ஒரு கண்ணீர்ப் படலம் இருக்கிறது. அதன் கனம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அடியில் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் வழவழப்பு, நடுவில் நீர், மேலே ரசத்தில் மிதக்கும் நெய் போல மெல்லிய எண்ணெய். அந்த எண்ணெய்தான் நீர் சீக்கிரம் காயாமல் காக்கிறது. ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் இந்தப் படலம் புதிதாகப் பரவுகிறது. பழைய நீர் ஓரத்துத் துளை வழியாக மூக்குக்குள் வடிகிறது. அழுதால் மூக்கு ஒழுகுவது அதனால்தான். கண்ணீரில் கிருமியைக் கொல்லும் பொருளும் உண்டு. அதன் பெயர் லைசோசைம். 1922-ல் அதைப் பற்றி எழுதியவர், பின்னாளில் பெனிசிலின் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங்.

லென்ஸ் போட்டதும் இந்தப் படலம் இரண்டாகப் பிரிகிறது, லென்ஸுக்கு மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம். மேலே இருப்பது சீக்கிரம் காய்கிறது. கீழே இருப்பது இமைக்கும்போது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது.

தூங்கினால்? இமைப்பதே இல்லை. கண்ணீர் சுரப்பதும் மிகவும் குறைகிறது. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. பகலில் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். இரவில் இமையின் உள்பக்கத்திலிருந்து வருவது மட்டும்தான், அது பகலில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. லென்ஸ் இல்லாத கண்கூட தூக்கத்தில் லேசாக வீங்கித்தான் எழுகிறது. லென்ஸும் இருந்தால் அதன் அடியில் உள்ள கண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. அழுக்கும் செத்த செல்களும் கிருமியும் இரவெல்லாம் கருவிழியை ஒட்டியே கிடக்கின்றன. இறைக்காத கிணற்றுத் தண்ணீர் என்ன ஆகும் என்று கிராமத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

1989-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சாதாரண மென்லென்ஸைப் பகலில் மட்டும் போட்டவர்களில் பத்தாயிரத்துக்கு ஆண்டுக்கு 4 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. இரவிலும் போட்டவர்களில் 21 பேருக்கு. பிறகு 1990-களின் கடைசியில் ஆக்சிஜனை நிறைய விடும் சிலிகான் ஹைட்ரோஜெல் லென்ஸ் வந்தது. இனிக் கவலையில்லை என்று பலரும் நினைத்தார்கள். 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வு வெளிவந்தது. அந்தப் புது லென்ஸோடு தூங்கியவர்களில் பத்தாயிரத்துக்கு 25 பேருக்குப் புண். காற்று வந்தால் மட்டும் போதாது, கண்ணீர் ஓடவும் வேண்டும் என்றுதான் இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

இனி என் மனதில் உறுத்துவதைச் சொல்கிறேன். "ராத்திரி கழட்டி வச்சிருக்கலாமே கண்ணு" என்று கேட்டேன். "கழட்டினா கண்ணாடி போடணும் அத்தை. அவங்க முன்னாடி எப்படிப் போடறது?" என்றாள். கடைக்காரர் சொன்னது ஒரு பக்கம். கண்ணாடி போட்ட பெண் என்றால் குறை என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நாம்தான். நிச்சயதார்த்தப் புடவை எடுத்த அன்று "போட்டோவுக்கு மட்டும் கண்ணாடியைக் கழட்டிடு" என்று சொன்னதே நான்தான்.

ஆகவே பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் கண்ணாடியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிடுவோம். அது குறையில்லை.

லென்ஸ் போடும் பிள்ளைகளுக்கு: பஸ்ஸோ ரயிலோ, மதியக் குட்டித் தூக்கமோ, தூங்கும் முன் லென்ஸைக் கழட்டுங்கள். கையைக் கழுவித் துடைத்த பிறகு தொடுங்கள். குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவாதீர்கள். கண்ணாடியும் எப்போதும் பையில் இருக்கட்டும். சிவப்பு, வலி, கூச்சம், மங்கல் எது வந்தாலும் உடனே லென்ஸைக் கழட்டிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். லென்ஸையும் டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள். மெடிக்கலில் கேட்டு நீங்களாகச் சொட்டு மருந்து போடாதீர்கள். சிலருக்கு இரவில் போடவென்றே டாக்டர் லென்ஸ் தருவார். அவர்கள் அவர் சொன்னபடி நடக்கட்டும்.

கல்யாணம் தை மாதம். பெண் கண்ணாடியோடுதான் மணமேடை ஏறப்போகிறாள். மாப்பிள்ளையிடம் அவளே சொல்லிவிட்டாள். "நானும் கண்ணாடிதானே" என்று சிரித்தாராம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்